பதிவேட்டில் பெயர் உண்டு, ஆள் உண்டா?



சான் ஹோசேயில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் மெசஞ்சரில் கேட்டிருந்தான். "சார், ஆகஸ்ட்ல குடும்பத்தோட சியரா நெவாடா மலைக்குப் போறோம். ஹாம் லைசென்ஸ் வாங்கிட்டேன். கையில பிடிக்கிற ரேடியோவும் வாங்கிட்டேன். போற வழி முழுக்க ரிப்பீட்டர் இருக்குன்னு ஆப் காட்டுது. எல்லாத்தையும் ரேடியோல ஏத்திக்கிட்டா போதும்தானே?"

அவனுக்கு மட்டும் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. கலிஃபோர்னியாவிலும் கொலராடோவிலும் சியாட்டில் பக்கமும் உங்களில் பலர் இருக்கிறீர்கள். விடுமுறை வந்தால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன். ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாத சொந்தக்காரர்களும் படிக்கலாம். பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும்.

தம்பி, சுருக்கமான பதில்: போதாது. நான் வகுப்புக்கு வந்ததும் வருகைப் பதிவேட்டை எடுப்பேன், நினைவிருக்கிறதா? நாற்பது பெயர் அதில் இருக்கும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு "உள்ளேன் ஐயா" என்று சத்தம் வந்த பிறகுதான் வருகைக் குறி போடுவேன். ஆப்பில் இருக்கும் பட்டியல் பதிவேடு மாதிரி. கூப்பிட்டுப் பார்க்கும் வேலை இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

இனி விவரமாக.

ஹாம் ரேடியோ என்பது வியாபாரத்துக்கு அல்லாமல், ஆர்வத்துக்காகவும் ஆபத்து நேர உதவிக்காகவும் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு. நம் ராஜீவ் காந்தி கூட ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக்குறி வி.யு.2.ஆர்.ஜி. அமெரிக்காவில் முதல் நிலை உரிமத்தின் பெயர் டெக்னீஷியன். 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு பயணத்தில் நானும் எழுதினேன். முப்பது வருடத்துக்கு மேல் கேள்வித்தாள் கொடுத்த கை, அன்றைக்குக் கேள்வித்தாளை வாங்கியது. பேரனுக்கு அதில் ஒரே சிரிப்பு.

கையில் பிடிக்கும் ரேடியோவின் சக்தி பெரும்பாலும் 5 வாட். ஆனால் சிக்கல் வாட்டில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. நாம் பயன்படுத்தும் இரண்டு மீட்டர் அலைவரிசை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். அது எட்டும் அடிவானத்துக்கு எளிய கணக்கு உண்டு: மீட்டரில் உயரம் எவ்வளவோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். தரையில் நிற்பவன் ரேடியோவை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் சுமார் 5 கிலோமீட்டர். அதுவும் சமவெளியில். நடுவில் ஒரு மலைமுகடு வந்துவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது.

இதே கணக்கைச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே இருக்கும் டியாப்லோ மலைக்குப் போட்டுப் பாருங்கள். உயரம் 1,173 மீட்டர். விடை 140 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த உச்சியில் ஒரு பெட்டியை வைத்து, நாம் பேசுவதைக் கேட்டு, கேட்டதை அதே நொடியில் வேறு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லவைத்தால் எப்படி இருக்கும்? அந்தப் பெட்டிதான் ரிப்பீட்டர். டியாப்லோ ரிப்பீட்டரின் அழைப்புக்குறி டபிள்யூ.6.சி.எக்ஸ். அது 147.060 மெகாஹெர்ட்ஸில் பேசும்; 147.660-இல் கேட்கும். இந்த 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியை ஆஃப்செட் என்பார்கள். கூடவே நம் குரலுக்கு அடியில் 100 ஹெர்ட்ஸ் மெல்லிய தொனி ஒன்று போக வேண்டும். ரேடியோவே அதைச் சேர்த்து அனுப்பும், காதில் விழாது. அந்தத் தொனி இல்லையென்றால் ரிப்பீட்டர் கதவைத் திறக்காது. அலைவரிசை, ஆஃப்செட், தொனி ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான் உள்ளே போக முடியும்.

இந்த விவரங்களை எல்லாம் திரட்டித் தருவதில் இன்று பலரும் பயன்படுத்துவது ரிப்பீட்டர்புக். அருமையான வேலை. தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஊர் வாரியாகவும், நெடுஞ்சாலை வாரியாகவும், நாம் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை மைல் என்றும் தேடலாம். ஆப்பை இறக்கிக்கொண்டால் போன் சிக்னல் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். சிர்ப் என்ற இலவச மென்பொருள் அதிலிருந்தே விவரங்களை எடுத்து உங்கள் ரேடியோவில் ஏற்றித் தந்துவிடும். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது தகவல் சொன்னால்தானே பட்டியல் திருந்தும்? மலை உச்சியில் ஒரு பெட்டி செத்துப்போனால் அது தானே வந்து சொல்லாது.

ஹாம்கள் நடுவில் 'காகித ரிப்பீட்டர்' என்று ஒரு சொல் உண்டு. அலைவரிசை ஒதுக்கி வாங்கியிருப்பார்கள், பட்டியலில் பெயர் இருக்கும், மலையில் பெட்டி இருக்காது, இருந்தாலும் ஓடாது. காரணம் எப்போதும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. பார்த்துக்கொண்டவர் காலமாகியிருக்கலாம். கட்டட வாடகை கட்ட கிளப்பில் பணம் இல்லாமல் போயிருக்கலாம். மின்னல் தாக்கியிருக்கலாம். பனியில் சோலார் தகடு மூடி பேட்டரி இறங்கியிருக்கலாம். சியராவில் பனியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். யோசமிட்டியைக் குறுக்கே கடக்கும் டியோகா கணவாய்ச் சாலை 2023-இல் ஜூலை 22-ஆம் தேதிதான் திறந்தது. மலைச்சாலை திறக்காமல் யார் போய்ப் பழுது பார்ப்பது?

ஆகவே "இந்த ரிப்பீட்டர் வேலை செய்கிறதா?" என்ற கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பெட்டிக்கு உயிர் இருக்கிறதா? நான் நிற்கும் இடத்திலிருந்து என் குரல் அதற்கு எட்டுகிறதா? எட்டினால், அதைக் கேட்க யாராவது இருக்கிறார்களா? ஒவ்வொன்றையும் வேறு விதமாகத்தான் சோதிக்க முடியும்.

முதலாவதை வீட்டில் இருந்தே பாதி சோதிக்கலாம். பட்டியலில் அந்த வரியைத் திறந்து, கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்ற தேதியைப் பாருங்கள். ஆறு வருடப் பழைய தேதி என்றால் சந்தேகக் குறி போடுங்கள். அந்த ஊர் கிளப்பின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். வாரம் ஒரு நாள் 'நெட்' என்று எல்லோரும் கூடிப் பேசும் நேரம் இருக்கும். நெட் நடக்கிற ரிப்பீட்டருக்கு உயிர் உண்டு. டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் வகை என்றால், பிராண்ட்மைஸ்டர் வலையமைப்பின் பக்கத்தில் யார் கடைசியாக எந்த ரிப்பீட்டர் வழியாகப் பேசினார்கள் என்றே தெரியும். எக்கோலிங்க் இணைப்பு உள்ளதென்றால் உங்கள் போனில் இருந்தே அந்த மலையைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். உரிமம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிஜிட்டல் என்றதும் இன்னொன்று. பட்டியலில் டி.எம்.ஆர்., டி-ஸ்டார், ஃப்யூஷன் என்று மட்டும் போட்டிருந்தால் சாதாரண அனலாக் ரேடியோ அங்கே பயன்படாது. 'குளோஸ்டு' என்று போட்டிருந்தால் அது உறுப்பினர்களுக்கு மட்டும். இவற்றைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். நீளமான பட்டியல் அங்கேயே பாதி இளைத்துவிடும்.

இரண்டாவது சோதனைக்குப் போகிற வழியில் கூப்பிட வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் விடக் கூடாது. அது மரியாதையும் இல்லை, விதிப்படியும் சரியில்லை. உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி, "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். விரலை எடுத்ததும் ஒரு நொடி இரைச்சலோ, 'பீப்' சத்தமோ வந்தால் பெட்டி உங்களைக் கேட்டுவிட்டது. ஒன்றும் வராவிட்டால் உடனே செத்ததாக முடிவு கட்டாதீர்கள். தொனி மாறியிருக்கலாம், முகடு மறைக்கலாம். அதன் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, உங்கள் குரல் அதற்கு எட்டாமலும் இருக்கலாம். அதனிடம் இருப்பது உங்கள் 5 வாட்டைப் போலப் பல மடங்கு சக்தி. மேலிருந்து பேசுபவன் குரல் கீழே கேட்பதும், கீழிருந்து கத்துபவன் குரல் மேலே கேட்பதும் ஒன்றாகுமா? இருபது அடி தள்ளி நின்று, ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடித்து, இன்னொரு முறை கூப்பிடுங்கள்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். அதை எந்த ஆப்பும் செய்யாது. மனிதக் குரல் பதில் சொல்ல வேண்டும். நான் பார்த்த வரையில், பெட்டி நன்றாக ஓடும், நாள் முழுக்க ஒரு ஆள் இருக்க மாட்டார். காலையில் வேலைக்குப் போகிற நேரம், மாலையில் திரும்புகிற நேரம், நெட் நேரம் இவற்றில் கூப்பிட்டால் யாராவது வருவார்கள். வந்தால் வானிலை பேசி முடித்துவிடாதீர்கள். "நாங்கள் இந்த ஏரிக்குப் போகிறோம், இங்கே எந்த ரிப்பீட்டர் எடுக்கும்? பகலில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்களா?" என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்வது பட்டியலை இரண்டு மணி நேரம் புரட்டினாலும் கிடைக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூன்று வருடம் முன்பு நடந்த ஒன்றினால்.

மாப்பிள்ளை, பேரன், நான் மூவரும் சியராவின் கிழக்குப் பக்கம் பிஷப் என்ற சிற்றூரில் தங்கினோம். மறுநாள் ஊருக்கு மேற்கே ஒரு மலை ஏரிக்கு நடப்பதாகத் திட்டம். முதல் நாள் சாயங்காலம் விடுதி வாசலில் நின்று, பட்டியலில் இருந்ததை வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மாமா, இன்னும் அட்டெண்டன்ஸ் முடியலையா?" என்றார். அப்போது ஒரு வயதான குரல் பதில் சொன்னது. எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"உங்கள் பட்டியலில் ஏரிக்குப் பக்கத்தில் காட்டுகிறதே, அதை நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் இருந்து அது பேசவில்லை. இப்போது நாம் பேசுகிறோமே, இதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏரிக்கரையில் எடுக்காது, தெற்கு முகடு மறைக்கும். தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் வரை வந்தால் பள்ளத்தாக்கு திறக்கும். அங்கிருந்து கூப்பிடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும்" என்றார். அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் ஏரியில் இருந்து திரும்பும்போது, பாதைக்குச் சற்றுக் கீழே ஒரு அம்மாள் பாறையில் சறுக்கி விழுந்து கிடந்தார். அறுபது வயது இருக்கும். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது பார்த்தாலே தெரிந்தது. அவருடைய கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனை உயரத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாருடைய போனிலும் ஒரு கோடு கூட இல்லை. மாப்பிள்ளை தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தி அங்கேயே இருந்தார். நானும் பேரனும் வாய்க்காலுக்கு நடந்தோம். இருபது நிமிடம். ஆப் சொன்ன பக்கத்து ரிப்பீட்டரை நான் தொடவே இல்லை.

கூப்பிட்டேன். பெட்டியின் பீப் வந்தது. பிறகு அமைதி. இரண்டாம் முறை கூப்பிட்டேன். "தாத்தா, அவர் இல்லையா?" என்று பேரன் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அந்தக் குரல் வந்துவிட்டது. தோட்டத்தில் இருந்தாராம்.

இடம், காயம், வயது, நினைவு தெளிவாக இருக்கிறதா, எத்தனை பேர் கூட இருக்கிறோம், என்ன துணி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அட்சரேகை, தீர்க்கரேகையை இலக்கம் இலக்கமாகச் சொன்னேன். அவர் திருப்பிப் படித்தார். கலிஃபோர்னியாவில் மலை மீட்பு வேலை பொதுவாக அந்தந்த மாவட்ட ஷெரிப்பின் பொறுப்பு. அவர் வீட்டுத் தொலைபேசியில் ஷெரிப் அலுவலகத்தைக் கூப்பிட்டார். அதன் பிறகு பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எங்களைக் கூப்பிட்டு, "குழு கிளம்பிவிட்டது", "வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரேடியோ பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று, அந்த நேரங்களில் மட்டும் போடுவோம் என்று அவரே ஏற்பாடு சொன்னார். நடுவில் ஒரு முறை பேரனே பேசினான். உரிமம் உள்ளவர் பக்கத்தில் நின்று கண்காணித்தால் மற்றவர் பேசலாம், விதி இடம் கொடுக்கிறது. நான்கு மணி நேரம் கழித்து, இருட்டும் முன் ஸ்ட்ரெச்சரோடு வந்து சேர்ந்தார்கள்.

அந்த அம்மாள் பிழைத்து நடக்கிறார். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்கு வாழ்த்து அட்டை வந்தது. அந்தக் குரலுக்கு உரியவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் முந்தின நாள் சொல்லாமல் இருந்திருந்தால் பக்கத்தில் இருப்பதாகக் காட்டிய பெட்டியை முகட்டில் ஏறி ஏறிக் கூப்பிட்டு வெளிச்சத்தையும் பேட்டரியையும் தீர்த்திருப்போம். இரவில் அந்த உயரத்தில், கால் முறிந்த உடம்போடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ரிப்பீட்டர் எதுவுமே எட்டாத பள்ளத்தாக்குகளும் நிறைய உண்டு. அங்கே 146.520 மெகாஹெர்ட்ஸ் ஞாபகம் இருக்கட்டும். அமெரிக்காவில் ரேடியோவுக்கு ரேடியோ நேராகக் கூப்பிடும் பொது அலைவரிசை அது. 'வனப்பகுதி நெறிமுறை' என்று ஒரு வழக்கம் உண்டு: காலை 7, 10, மதியம் 1, மாலை 4, 7 மணிக்கு ஐந்து நிமிடமாவது அதைப் போட்டுக் கேட்பது. மலையுச்சிகளில் இருந்து பேசும் பொழுதுபோக்குக்காரர்களும் இதில் அடிக்கடி இருப்பார்கள். உயரே நிற்பவன் ஒருவன் கேட்டால் போதும், அவனே உங்களுக்கு ரிப்பீட்டர். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால், அமெச்சூர் நிலையம் தன் கையில் உள்ள எந்த வானொலி வழியையும் பயன்படுத்துவதை அமெரிக்க விதி தடுக்காது. ஆனால் அது உயிர் போகும் நேரத்துக்கான விதி. சாதாரண நாளில் அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி வாங்க முடிந்தால் அதையும் வாங்குங்கள். ஐபோன் 14 முதல் போனிலேயே அந்த வசதி உண்டு. ரேடியோ இருக்கிறதே என்று அதை விட்டுவிட வேண்டாம்; அது இருக்கிறதே என்று இதையும் விட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அங்கே வாங்கிய சாட்டிலைட் கருவியை ஊருக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள். ஹாம் ரேடியோவுக்கும் இங்கே மத்திய அரசின் தனி உரிமம் வேண்டும். கொடைக்கானலுக்கோ மேகமலைக்கோ போகிறவர்கள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். தேர்வு எழுதுங்கள். பாடம் சொல்லித்தர நான் இருக்கிறேன்.

தம்பி, உனக்கு வீட்டுப்பாடம் இதுதான். போகும் வழிக்கு ஐந்தே ஐந்து ரிப்பீட்டர் தேர்ந்தெடு. ஒவ்வொன்றுக்கும் தேதி பார், கிளப்பின் நெட் நேரம் பார். போவதற்கு முன் ஒரு வாரம், போகிற வழியில் ஒரு முறை கூப்பிடு. யார் பதில் சொன்னார், எந்த இடத்தில் நின்றபோது எடுத்தது என்று நோட்டில் எழுது. அந்தத் தாளின் நகல் ஒன்றை, எப்போது திரும்புவீர்கள் என்ற நேரத்தோடு, வீட்டில் யாரிடமாவது கொடு. உன் மனைவிக்கும் பெரிய பெண்ணுக்கும் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடு; விழுவது நீயாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்ததும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. செத்துக் கிடக்கும் ரிப்பீட்டர் எதையாவது கண்டால் பட்டியல்காரர்களுக்கு ஒரு வரி எழுதிப் போடு. உனக்குப் பின்னால் வருபவனுக்கு அது உதவும். உயிரோடு இருந்ததை நடத்தும் கிளப்புக்கு இருபது டாலராவது அனுப்பு. அந்தப் பெட்டிக்கு மின்சாரக் கட்டணமும் மலையேறிப் போய்ப் பழுது பார்க்கும் செலவும் ஓய்வுபெற்ற சிலருடைய பாக்கெட்டில் இருந்துதான் போகின்றன. பதில் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர்களும் தொடர்ந்து செய்வார்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் கீழே கேளுங்கள். உங்கள் பகுதியில் நீங்களே கூப்பிட்டுப் பதில் வாங்கிய ரிப்பீட்டர் இருந்தால், எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும்.

அனைவரும் நலமாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.